கேமரூன் ஃபைலின் நான்காம் பக்கம்

சிட்னியில், நம் பிளாக்டவுன் கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்கள் இருவருக்கும் இதை எழுதுகிறேன். நான் மேசையைக் காலி செய்த அன்று நீங்கள் கேட்டீர்கள்: "அக்கா, கேமரூன் ஃபைல்ல எல்லாம் டைப் பண்ணியிருக்கு. நாலாம் பக்கத்துல மட்டும் யாரோ பேனாவால ஒரு வரி எழுதியிருக்காங்க. அதையும் டைப் பண்ணிடலாமா?" என் கையில் பிரிவுபசாரக் கேக் இருந்தது, வாயிலும் இருந்தது. வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். ஏன் வேண்டாம் என்று இப்போது சொல்கிறேன்.

இருபத்தோரு வருடம் அந்த அறையில் இருந்தேன். பயண மருத்துவ நர்ஸ் என்றால் ஊசி போடுகிறவள் என்று வெளியே நினைக்கிறார்கள். ஊசி இரண்டு நொடிக் காரியம். மீதி நேரமெல்லாம், ஒருவரை அவர் பார்த்திராத நாட்டுக்குள் முன்கூட்டியே ஒரு தடவை நடத்திக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிறோம். நான் போகாத நாடுகளுக்கெல்லாம் வழி சொன்னேன். மேசைக்குக் கீழே என் கால்கள் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு ஊசிக்கும் பின்னால் ஒரு விமானம் கிளம்பும். நான் அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். ஐம்பத்து மூன்று வயதில் வேலையை விட்டதற்கு அந்தக் கால்களைத் தவிர வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை.

கேமரூன் குறிப்பைப் படித்திருப்பீர்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லுபடியாகும். அட்டையைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பாமல் பாஸ்போர்ட்டோடு கையில் வைத்திருக்க வேண்டும். மலேரியா மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது. டுவாலா நகரத்தில் பிரெஞ்சு கொஞ்சமாவது வேண்டும். கடைத்தெருவில் ரொக்கம்தான் நடக்கும். ராணுவத்தையும் அரசுக் கட்டடங்களையும் படம் எடுக்கக் கூடாது. இதையெல்லாம் ஆங்கிலத்திலிருந்து நம் ஆட்களுக்காகத் தமிழில் எழுதியவள் நான். லீவு நாள்களில் உட்கார்ந்து வரிவரியாக இழைத்தேன். வருகிறவர்களுக்குத் தாளை மட்டும் கொடுத்தால் போதும். ஆனாலும் நான் வாய்விட்டு வாசித்துக் காட்டுவேன். என் வாக்கியங்களை என் காதே கேட்டு ரசிக்கும். தவறு அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

நார்த்மீட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, மகள். பூர்வீகம் யாழ்ப்பாணம். அப்பாவை நேசன் அங்கிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரை மாற்றச் சொன்னவரும் அவர்தான். குவேக்கர்ஸ் ஹில் பக்கம் பஸ் ஓட்டுகிறவர். மகள் துளசி என்ஜினியர். அவள் கட்டிக்கொள்ளப்போகிற எமானுவேல் அதே ஆபீசில் வேலை பார்க்கிற கேமரூன்காரர், பத்து வருடமாகச் சிட்னியில் இருக்கிறார். கோயில் கல்யாணம் இங்கேதான். ஆனால் எமானுவேலின் அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது, விமானம் ஏற முடியாது. அதனால் அவர்கள் வீட்டுச் சடங்கை அவர் இருக்கிற ஊரிலேயே வைத்திருந்தார்கள். டுவாலாவில் இறங்கி, வடக்கே மலைப்பக்கம் ஐந்தாறு மணி நேரம் காரில் போக வேண்டும். அந்தச் சடங்கில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் சபையில் எழுந்து நின்று பெண்ணின் அப்பாவிடம் பெண் கேட்பார்களாம். அவர் தன் வாயால் சரி என்று சொல்ல வேண்டும். வேறு ஒருவர் அவருக்காகச் சொல்வது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை.

பயணத்துக்கு மூன்று வாரம்கூட முழுசாக இல்லை.

"ஏன் இவ்வளவு லேட்டா வந்தீங்க?" என்றேன்.

"இவரைக் கேளுங்கோ," என்றார் அவர் மனைவி, எனக்கு அன்ரி. "ஓடிவாற ஆக்களுக்கெல்லாம் பஸ்ஸை நிப்பாட்டி நிப்பாட்டி, இந்த மனுசனுக்கு எல்லாமே லேட்."

அங்கிள் சிரித்தார். டாக்டர் மூவரையும் பார்த்து ஊசிக்குச் சரி என்று எழுதியிருந்தார். அன்ரிக்கும் துளசிக்கும் போட்டு முடித்தேன். அன்ரி பஞ்சை அமுக்கிப் பிடித்துக்கொண்டே கேட்டார்: "பிள்ளை, அங்கை சாப்பாடு என்ன மாதிரி?"

"மரவள்ளி, வாழைக்காய், கருவாடு, வேர்க்கடலை. கீரையும் நிறையச் சேர்ப்பாங்க அன்ரி."

"அப்ப எங்கட குசினிச் சமையல்தான்."

"அப்ப உனக்கு அங்கையும் லீவு கிடைக்காது," என்றார் அங்கிள். சட்டைக் கையை மடித்துவிட்டு, தோளைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

நான் மருந்தைக் கலக்கிக்கொண்டே நான்காம் பக்கத்தை வாசித்தேன். "நெடுஞ்சாலைகளில் சோதனைச் சாவடிகள் உண்டு. சீருடை அணிந்தவர்கள் வாகனத்தை நிறுத்துவார்கள். இறங்கச் சொன்னால் இறங்குங்கள். அடையாள ஆவணம் கையில் இருக்கட்டும். வாதாடாதீர்கள்." அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரோ ஒரு பயணி எப்போதோ சொன்னதை என் சரக்காகச் சேர்த்தேன்: "சில நேரம் ஒருத்தரை மட்டும் தனியா நிறுத்தி வச்சு விசாரிப்பாங்க. மத்தவங்க பதறக் கூடாது."

திரும்பிப் பார்த்தபோது அங்கிள் சட்டைக் கையை இறக்கிவிட்டிருந்தார். மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். பொத்தான் ஓட்டைக்குள் போக மறுத்தது.

"எனக்கு ஊசி வேண்டாம் பிள்ளை."

"என்னப்பா?" என்றாள் துளசி.

"நீங்கள் ரெண்டு பேரும் போயிட்டு வாங்கோ. நான் வீட்டைப் பாத்துக்கொள்ளுறன்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். "அங்கிள், இவ்வளவு பெரிய பஸ்ஸை ஓட்டுறீங்க, இத்தனூண்டு ஊசிக்கு பயமா?" என்றேன். துளசியும் சிரித்தாள். அன்ரி சிரிக்கவில்லை, அதைக்கூட நான் கவனிக்கவில்லை. அவரும் எங்களுக்காக ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு எழுந்து போனார். எனக்கு வெளியே நான்கு பேர் காத்திருந்தார்கள்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுத்தந்த மூத்த நர்ஸ் ஒருத்தி இருந்தாள். நீங்கள் அவளைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அவளுடைய பிடிவாதங்களில் ஒன்று, ஃபைலில் "மறுத்தார்" என்று மட்டும் எழுதக் கூடாது. எதற்குப் பிறகு மறுத்தார் என்று எழுத வேண்டும். "காரணம் கேட்டால் ஜனங்கள் மரியாதைக்கு ஒரு பொய் சொல்வார்கள், நீயும் அதை நம்பி எழுதிவைப்பாய். எந்த வார்த்தைக்குப் பிறகு எழுந்தார் என்பதை மட்டும் எழுது," என்பாள். எனக்கு அது வீண் வேலையாகத் தோன்றும். ஆனாலும் கை பழகிவிட்டது. அன்றும் என் புத்தி சிரித்துக்கொண்டிருந்தபோது கை எழுதியது: "மஞ்சள் காய்ச்சல் ஊசி மறுத்தார். சாவடிப் பத்தி வாசித்த பின்."

ஆறாம் நாள் துளசி போன் செய்தாள். அப்பா யாரோடும் பேசுவதில்லை, ஷிப்டுக்குப் போகிறார், வருகிறார், படுத்துவிடுகிறார் என்றாள். "எமானுவேல் வீட்டுக்கு என்ன சொல்லுறது? அவையள் ஊர் முழுக்கச் சொல்லியாச்சு. அவற்ற அம்மா, எங்கட அப்பாவைப் பாக்கத்தான் இன்னும் உயிரோட இருக்கிறன் எண்டு சொல்லுறா. அப்பாக்குத் தன்னைப் பிடிக்கேல்லையோ எண்டு எமானுவேல் கேக்கிறார். வாட் டு ஐ ஸே?"

ஃபைலை எடுத்தேன். என் கையெழுத்து என்னைப் பார்த்தது.

நான் தமிழ்நாட்டுக்காரி. எனக்குச் சாவடி என்றால் நெடுஞ்சாலையில் லாரி நிற்கிற இடம், டிரைவர் இறங்கி டீ குடிக்கிற இடம். அதே எழுத்து, அதே தமிழ், அவருடைய காதுக்குள் எங்கே போய் இறங்கும் என்று இருபது வருடம் யாழ்ப்பாணக்காரர்கள் பக்கத்திலேயே வாழ்ந்தும் எனக்கு உறைக்கவில்லை. ஆங்கிலத் தாளை நீட்டியிருந்தால்கூட அவர் சமாளித்திருப்பாரோ என்னவோ. நான்தான் அதை அழகான தமிழில், உரத்து, மனைவி மகள் முன்னால் வாசித்தேன்.

கணக்குப் பார்த்தேன். பத்து நாள் விதிப்படி அந்த வாரம் வெள்ளிக்கிழமைதான் கடைசி. அதற்குள் ஊசி போட்டால்தான் அட்டை செல்லும். அன்று திங்கள். அங்கிளுக்குப் போன் செய்து, "ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு, நீங்க மட்டும் வாங்க" என்றேன். கையெழுத்து எதுவும் விட்டுப்போகவில்லை. இந்த ஒரு பொய்க்காக நான் வருத்தப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை ஷிப்டு முடித்து யூனிபார்மோடு வந்தார். கதவைச் சாத்தினேன். மன்னிப்புக் கேட்டேன். "நான் சிரிச்சிருக்கக் கூடாது அங்கிள். நீங்க ஊசிக்குப் பயப்படல. அந்தப் பத்தியை வாசிச்ச பிறகுதான் எழுந்தீங்க."

சுவரிலிருந்த உலகப் படத்தின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு பஸ் கண்ணாடியைப் பார்த்துப் பேசுகிறவர் மாதிரி, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"எனக்கு அப்ப இருபத்திரெண்டு. தம்பிக்குப் பத்தொன்பது. பஸ்ஸில போய்க்கொண்டிருந்தனாங்கள். சாவடியில ஆமி மறிச்சு எல்லாரையும் இறக்கினாங்கள். லைனில நிண்டம். என்ர அடையாள அட்டையைப் பாத்திட்டு, ஏறு எண்டாங்கள். ஏறினன். அவனை நிக்கச் சொன்னாங்கள். கண்டக்டர் மணி அடிச்சார். பஸ் வெளிக்கிட்டுது."

வெளியே யாரோ தண்ணீர் இயந்திரத்தில் கோப்பையை நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

"நான் இறங்கேல்லைப் பிள்ளை. அவன் பிறகு வரவும் இல்லை."

"அன்ரிக்குத் தெரியுமா?"

"ஓம். அவவுக்கு மட்டும். துளசிக்குத் தெரியாது. ஒரு சித்தப்பா இருந்தவர், செத்துப்போனார் எண்டு தெரியும்." பஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு என்னைப் பற்றிப் பயமில்லை. இந்த வயசில என்னை ஆர் மறிக்கப் போறான்? என்னைப் போகச் சொல்லிப்போட்டு, அவளை நிக்கச் சொன்னா? ரெண்டு கார் பிடிச்சிருக்கினம். பெரியாக்கள் ஒண்டில, இளம் ஆக்கள் ஒண்டில. எங்கட கார் போயிடும்."

உங்களுக்கு நான் சொல்ல வந்ததே இந்த இடத்தைத்தான். "அங்கே அப்படியெல்லாம் நடக்காது அங்கிள்" என்ற வாக்கியம் என் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவர் தலையாட்டியிருப்பார். ஊசியும் போட்டுக்கொண்டிருப்பார். ஆனால் எனக்கு அது தெரியாது. நான் கேமரூனைப் பார்த்ததில்லை. அந்தச் சாலையில் அந்த நாளில் என்ன நடக்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க என்னால் ஆகாது. பயப்படாதீர்கள் என்று சொல்வது, அவர் கையில் இருப்பதைப் பார்க்காமலே கீழே போடச் சொல்வது போல. வாக்கியத்தை விழுங்கினேன். வேறொன்று கேட்டேன்.

"என்ன இருந்தா நீங்க போவீங்க அங்கிள்?"

இப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. பஸ் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று.

"எல்லாரும் ஒரே வாகனத்தில இருக்கோணும்," என்றார். "ஆரையும் விட்டிட்டு அது வெளிக்கிடக் கூடாது."

அவ்வளவுதான் அவர் கேட்டது. அது நடக்குமா என்று தெரிந்துகொள்ள வெள்ளிக்கிழமை வரை தவணை வாங்கினேன். துளசியிடமோ எமானுவேலிடமோ எதையும் சொல்லமாட்டேன் என்றும் வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கு என்னால் ஆகிற காரியம்.

அடுத்த நாள் எமானுவேல் வந்தார். நான்தான் மலேரியா மாத்திரைக்காகக் கூப்பிட்டிருந்தேன். "எனக்கா? நான் அங்கேயே பிறந்தவன்," என்று சிரித்தார். அவர் பேசிய ஆங்கிலத்தை நம் பேச்சில் தருகிறேன். "பத்து வருஷமா சிட்னிக் கொசுவோட இருக்கீங்க. அங்கத்துக் கொசுவுக்கு உங்களை அடையாளம் தெரியாது," என்றேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: சொந்த ஊருக்குப் போகிறவர்கள்தான் மாத்திரையை மறுப்பார்கள். அவர்களுக்குத்தான் காய்ச்சலும் வரும்.

பிறகு என் தாளை அவர் முன்னால் வைத்தேன். "இந்த நாலாம் பக்கம் எனக்குத் திருப்தியா இல்லை. உங்க அம்மா வீட்டுக்குப் போற வழியில சாவடி எப்படி இருக்கும்? இருக்கிறபடியே சொல்லுங்க."

வாசிக்கச் சொன்னார். ஆங்கிலத்தில் சொல்லிக்காட்டினேன். கேட்டுவிட்டு அமைதியாகச் சொன்னார்: "பொய் ஒண்ணும் இல்லை. ஆனா இதைக் கேட்டா நானே என் ஊருக்குப் போகமாட்டேன்."

பிறகு அவர் சொல்லச் சொல்ல அந்த இடம் என் மேசையில் வந்து உட்கார்ந்தது. சாலைக்குக் குறுக்கே ஒரு கயிறு. நிழலுக்கு ஒரு மாமரம். வண்டிகள் நிற்கிற இடம் என்பதால் பெண்கள் தட்டு நிறைய வேர்க்கடலையும் சுட்ட வாழைக்காயும் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வருவார்கள். டிரைவர் கண்ணாடியை இறக்கி முதலில் வணக்கம் சொல்வார், இன்றைக்கு வெயில் எப்படி என்று விசாரிப்பார். அதற்குப் பிறகுதான் காகிதம். "வணக்கத்துக்கு முன்னால காகிதத்தை நீட்டினா அவமரியாதை. பாதித் தகராறு அதனாலதான். எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கும்னு சொல்லமாட்டேன். சில நாள் கெட்ட நாளாவும் இருக்கும்."

"ஒருத்தரை இறங்கச் சொன்னா, கூட இருக்கிறவங்களும் இறங்கலாமா?"

"வணக்கம் சொல்லிக் கேட்டுட்டு இறங்கலாம்." என்னை ஏறிட்டுப் பார்த்தார். "இது அங்கிளுக்காகவா?"

நெருக்கடி என்றால் ஓடுவதும் கத்துவதும் என்று நினைக்காதீர்கள். எனக்கு நெருக்கடி அந்த ஒரு பார்வைதான். ஆமாம் என்றால் கொடுத்த வாக்கு போய்விடும். இல்லை என்றால், அங்கிளுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்ற எண்ணத்தோடேயே இந்தப் பிள்ளை எழுந்து போகும்.

"நான் வழியைத்தான் கேக்கிறேன்," என்றேன். "ஆனா இந்த வழியில போற எல்லாரும் ஒரே வண்டியில போனா நல்லதுன்னு ஒரு நர்ஸா எழுதித் தரேன். உங்களைப் பிடிக்காத யாரும் இந்த அறைக்குள்ள வரலை. அதையும் ஒரு நர்ஸா சொல்றேன்."

தாளை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. வெளியே போய் அங்கே இருக்கிற தன் மாமாவுக்குப் போன் போட்டார். பிரெஞ்சில் நீண்ட வாக்குவாதம். கண்ணாடி வழியே கையசைவு மட்டும் தெரிந்தது. திரும்பி வந்து, "ரெண்டு கார் வேண்டாம்னு சொல்லிட்டேன். சர்ச் வேன் ஒண்ணு இருக்கு. மாமாதான் ஓட்டுவார். கொஞ்சம் இடிச்சுக்கிட்டு உட்காரணும்," என்றார்.

வெள்ளிக்கிழமை அங்கிள் வந்தார். சொன்னேன்: ஒரே வேன், ஓட்டுவது அவர்களுடைய மாமா, எல்லோரும் ஏறாமல் கிளம்பாது. மாமரத்தையும் வணக்கத்தையும் சொன்னேன். கெட்ட நாளும் இருக்கலாம் என்பதையும் மறைக்கவில்லை. அவர் சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றினார். இம்முறை அது சுலபமாக வந்தது. ஊசி இறங்கும்போது அவர் மேசையில் இருந்த ஊசி அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வணக்கத்துக்குப் பொன்ஜூர் எண்டுதானே சொல்லோணும்?"

"ஆமா அங்கிள்."

"பொன்ஜூர்," என்று உலகப் படத்துக்குச் சொல்லிப் பார்த்தார்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு மத்தியானம் வரவேற்பு மேசையில் அவர் குரல் கேட்டது. வெறுங்கையோடு வந்திருந்தார்.

"உங்களுக்குக் கச்சான், அதான் உங்கட வேர்க்கடலை, வாங்கினனான் பிள்ளை, கோதோட, பச்சையா. இஞ்ச சிட்னி ஏர்போர்ட்டில காட்டினன், பறிச்சிட்டாங்கள். அங்கை ஆறு இடத்தில மறிச்சவங்கள், ஒருத்தனும் ஒண்டும் எடுக்கேல்லை. இஞ்சதான் கச்சான் போச்சு."

சிரித்து முடிய நேரமாயிற்று. பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து சொன்னார்.

நான்காவது சாவடியில் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பார்த்தார்கள். மற்றவர்களுடையதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எமானுவேலை இறங்கச் சொன்னார்கள். அந்த ஊர் முகம், ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட். அதில் ஏதோ கேட்க வேண்டியிருந்தது. துளசி அசையாமல் இருந்தாள். எமானுவேல் இறங்கக் கதவைத் திறந்தார்.

"அவர் காலை வைக்க முதல் நான் பொன்ஜூர் எண்டன். நானும் வரட்டோ எண்டு கையால கேட்டன். அந்தப் பெடியன், துவக்கைத் தோளில கொழுவிக்கொண்டு நிண்டவன், என்ர மகனின்ர வயசுதான் இருப்பான், எனக்கு ஒருத்தன் இருந்தா. தோளைக் குலுக்கினான். நான் இறங்கினன். மருமோனுக்குப் பக்கத்தில நிண்டன். ஒரு பத்து நிமிஷம் இருக்கும். வெயில். திரும்பிப் பாத்தன் பிள்ளை. வேன் அங்கையே நிண்டது. மாமா எஞ்சினை நிப்பாட்டித் திறப்பைக் கழட்டி, எனக்குத் தெரியட்டும் எண்டு கையில தூக்கிப் பிடிச்சுக்கொண்டு இருந்தார்."

வண்டிச் சாவியைக் கழற்றித் தூக்கிக் காட்டும் அளவுக்கு எமானுவேல் தன் மாமாவுக்கு என்ன சொல்லியிருந்தாரோ. எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை.

"துளசிகிட்டச் சொன்னீங்களா?"

"ஏறினாப் பிறகு எல்லாருக்கும் சொன்னன். துளசி அழுதுகொண்டே அதை இங்கிலீசில சொல்ல, மருமோன் பிரெஞ்சில சொல்ல, மாமா ஓட்டிக்கொண்டே கேட்டார். தம்பிக்கு என்ன பேர் எண்டு கேட்டார். சொன்னன். அவருக்கு வாயில வரேல்லை. வீடு போய்ச் சேருமட்டும் சொல்லிச் சொல்லிப் பழகினார். சபையில பெண் கேக்கேக்க, தாய் தேப்பன் பேரோட அவன்ர பேரையும் சேத்துச் சொல்லித்தான் கேட்டவர். நான் ஓம் எண்டன்."

கேமரூன் ஃபைலை அவர் முன்னால் வைத்தேன். நான்காம் பக்கத்தில் என் பத்தியை நான் ஏற்கெனவே நீக்கிவிட்டு, மாமரத்தையும் கயிற்றையும் வணக்கத்தையும் சேர்த்து டைப் செய்திருந்தேன். கீழே இடம் காலியாக இருந்தது. பேனாவைக் கொடுத்தேன்.

"நான் என்னத்தை எழுதுறது? பஸ் ஓடுறவன்."

"அதனாலதான் அங்கிள்."

பேனாவை வாங்கிக்கொண்டார். டிப்போ அறிவிப்புப் பலகையில் எழுதுகிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதினார். நீங்கள் பார்த்த வரி அதுதான்:

எல்லோரும் ஏறிய பின்னரே வாகனம் புறப்பட வேண்டும்.